பிளாட்டன் கொஸ்டியூக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாட்டன் கொஸ்டியூக் யார்?

உக்ரைனைச் சேர்ந்த நரம்பு உடலியல் விஞ்ஞானி. 1924 ஆகஸ்ட் 20 அன்று கீவ் நகரில் பிறந்தார், 2010 மே 10 அன்று அதே நகரில் காலமானார். கீவில் உள்ள பொஹொமொலெட்ஸ் உடலியல் நிறுவனத்துக்கு 1966 முதல் சாகும்வரை, அதாவது 44 ஆண்டுகள், அவரே இயக்குநர்.

நரம்பணுவின் உள்ளே இருக்கும் திரவத்தை ஆய்வாளர் தன் விருப்பப்படி மாற்றிவிட்டு, அதன் மேல்சவ்வு வழியாக ஓடும் மின்னோட்டத்தை அளக்கலாம் என்று காட்டிய குழு அவருடையது. கால்சியம் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட துகள்கள்) நரம்பணுவுக்குள், அதாவது நரம்புச் செல்லுக்குள், எப்படி நுழைகின்றன என்று இன்று பாடப்புத்தகங்களில் இருக்கும் பல விஷயங்கள் அந்த வேலையிலிருந்து வந்தவை. இவ்வளவு செய்தும் உடலியல் படித்த பலருக்கே அவர் பெயர் தெரியாது. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கத்தான் இந்தப் பக்கம்.

அறிவியல் குடும்பத்தில் பிறந்தவரா?

ஆமாம். அப்பா ஹ்ரிஹோரி கொஸ்டியூக் உளவியலாளர். 1945இல் கீவில் தொடங்கப்பட்ட உளவியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர். அந்த நிறுவனம் இன்றும் அவர் பெயரில்தான் இயங்குகிறது. மனம் எப்படி வளர்கிறது, குழந்தை எப்படிக் கற்கிறது என்பதெல்லாம் அப்பாவின் துறை. மகன் அதே மூளையை மறுமுனையிலிருந்து, ஒற்றை நரம்பணுவின் மின்சாரத்திலிருந்து, பிடித்துக்கொண்டார்.

ஜெர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்த 1941 ஜூனில் அவருக்கு வயது 16. செப்டம்பரில் கீவ் வீழ்ந்தது. அந்தத் தலைமுறையில் யாருடைய படிப்பும் நேர்கோட்டில் போகவில்லை. போர் முடிந்ததும் 1946இல் கீவ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பட்டம் பெற்றார், 1949இல் கீவ் மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

கீவ் நகரில் அதற்கு முன்பே இந்தத் துறை இருந்ததா?

இருந்தது, நல்ல ஆழமாகவே இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கொஸ்டியூக் எங்கிருந்தோ திடீரென முளைத்தவர் போலத் தோன்றும்.

வசில் சகொவெட்ஸ் என்பவர் 1896இல், மாணவராக இருக்கும்போதே, உடலின் மின்சாரத்தை அயனிகளைக் கொண்டு விளக்க முயன்றார். உப்பு தண்ணீரில் கரையும்போது அயனிகளாகப் பிரிகிறது என்ற கொள்கை அப்போதுதான் வேதியியலில் காலூன்றிக்கொண்டிருந்தது. அதை உடனே நரம்புக்கும் தசைக்கும் பொருத்திப் பார்த்த துணிச்சல் பெரியது. பின்னாளில் அவர் கீவில் பேராசிரியராக இருந்தார். கீவிலேயே வோலோடிமிர் பிராவ்டிச் நெமின்ஸ்கி 1913இல் நாயின் மூளை மின் அலைகளைப் புகைப்படத் தாளில் பதிவு செய்து வெளியிட்டார். மனித மூளையின் மின் அலைகளைப் பற்றி ஹான்ஸ் பெர்கர் ஜெர்மனியில் கட்டுரை வெளியிட்டது 1929இல். மூளை மின் அலைப் பதிவு, அதாவது இஇஜி, என்றதும் எல்லோரும் பெர்கரை மட்டும் சொல்வார்கள். பாலூட்டி மூளையைப் பொறுத்தவரை கீவ் முந்திக்கொண்டது.

மூன்றாவது ஆள் டானிலோ வொரொன்ட்சோவ். பொறுமையான மின்னுடலியல் சோதனையாளர். கொஸ்டியூக்கின் ஆசிரியர் இவர்தான்.

ஆரம்ப காலத்தில் என்ன ஆராய்ந்தார்?

தண்டுவடத்தின் அனிச்சைச் செயலை. முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் உதறுகிறதே, அதில் இரண்டே நரம்பணுக்கள்தான் சம்பந்தப்படுகின்றன: தசையிலிருந்து செய்தி கொண்டு வருவது ஒன்று, தசைக்கு உத்தரவு கொண்டு போவது இன்னொன்று. இந்த இரு நரம்பணு வளைவைப் பற்றி 1959இல் ஒரு நூலே எழுதினார்.

அதைவிட முக்கியம், அவர் கையில் எடுத்த கருவி. முனை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவாக இருக்கும்படி இழுத்த கண்ணாடிக் குழாயில் உப்புக் கரைசலை நிரப்பி, அதை அணுவுக்குள் குத்தி உள்ளிருந்தே மின்னழுத்தத்தை அளப்பது. இதற்கு நுண்மின்முனை என்று பெயர். அமெரிக்காவில் 1940களின் கடைசியில் உருவான உத்தி இது. சோவியத் நாட்டில் இதைக் கையில் எடுத்த முதல் சிலரில் கொஸ்டியூக் ஒருவர். 1960இல் இதைப் பற்றி ரஷ்ய மொழியில் ஒரு கையேடும் வெளியிட்டார்.

அந்தக் காலச் சூழலையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1950இல் மாஸ்கோவில் நடந்த ஒரு கூட்டம், உடலியல் என்றால் ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் கோட்பாட்டை ஒட்டித்தான் நடக்க வேண்டும் என்று கட்டளை போட்டது. அதற்கு ஒத்துவராத பலர் பதவி இழந்தார்கள். முழு விலங்கின் நடத்தையைப் பற்றிப் பேசுவதுதான் பாதுகாப்பு என்றிருந்த நேரத்தில், ஒற்றை அணுவுக்குள் ஊசி குத்தி அளப்பதைத் தன் வாழ்நாள் வேலையாக ஒரு இளைஞர் தேர்ந்தெடுத்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம் இது.

பனிப்போர்க் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போனார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஸ்டாலின் இறந்த பிறகு, குருஷ்சேவ் காலத்தில், சோவியத் விஞ்ஞானிகளுக்கு வெளிநாட்டுக் கதவு கொஞ்சம் திறந்தது. 1960–61இல் கொஸ்டியூக் கான்பெராவில் ஜான் எக்கிள்ஸின் ஆய்வகத்தில் வேலை செய்தார். தண்டுவட நரம்பணுக்களைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகத்திலேயே முதல் இடம் அப்போது அதுதான். 1963இல் எக்கிள்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அங்கே எக்கிள்ஸ், கொஸ்டியூக், ஜெர்மனியிலிருந்து வந்த ராபர்ட் ஷ்மிட் மூவரும் சேர்ந்து செய்த வேலை 1962இல் கட்டுரைகளாக வந்தது. தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் செய்தி தண்டுவடத்தில் அடுத்த அணுவுக்குக் கைமாறுவதற்கு முன்பே, அதைக் கொண்டு வரும் நரம்பின் நுனியிலேயே மட்டுப்படுத்தப்படுகிறது. அந்த மட்டுப்படுத்தலுக்கான பாதைகளை அவர்கள் பூனையின் தண்டுவடத்தில் தேடிக் கண்டார்கள். உடலுக்குள் வந்து குவியும் உணர்வுகளில் எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்பதைத் தண்டுவடமே ஓரளவு முடிவு செய்கிறது என்ற புரிதலுக்கு இது ஒரு முக்கியமான அடி.

திரும்பி வந்தவர் தண்டுவடத்தை விட்டுவிடவில்லை. மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகள் தண்டுவடத்தின் இடைநிலை நரம்பணுக்களை எப்படி அடைகின்றன என்பதை 1970கள் வரை தொடர்ந்து ஆராய்ந்தார். 1979இல், உலகெங்கும் உடலியலாளர்கள் படிக்கும் ஓர் ஆண்டுத் தொகுப்பில், இந்தத் துறையின் நிலவரத்தைத் தொகுத்து எழுதும் பொறுப்பு அவருக்கும் வசிலென்கோவுக்கும்தான் வந்தது.

பூனையை ஆராய்ந்தவர் நத்தைக்கு ஏன் மாறினார்?

பெரிய அணு வேண்டும் என்பதுதான் காரணம்.

1952இல் இங்கிலாந்தில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் ராட்சத நரம்பு இழையை வைத்து, நரம்புத் துடிப்பு எப்படி உண்டாகிறது என்று காட்டினார்கள். முதலில் சோடியம் உள்ளே பாய்கிறது, அப்புறம் பொட்டாசியம் வெளியே போகிறது. அந்த இழை அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கொண்டது. அதனால் 1961இலேயே அதன் உள்ளிருப்பதைப் பிதுக்கி எடுத்துவிட்டு வேறு கரைசலை ஓட விட முடிந்தது. ஆனால் அது இழை மட்டும்தான். நரம்பணுவின் உடல் பகுதி வேறு விதமானது. அங்கே அயனிகளின் வகையும் அதிகம், அளவோ மிகச் சிறியது. பாலூட்டி அணு சில பத்து மைக்ரோமீட்டர்தான் இருக்கும்.

தோட்டத்து நத்தையின் நரம்பணுக்கள் 100 மைக்ரோமீட்டரையும் தாண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் தனித்தனியாக அடையாளம் காணலாம். பனிக்காலம் முழுக்கச் சும்மா தூங்கும் விலங்கு என்பதால் ஆய்வகத்தில் வைத்துப் பராமரிப்பதும் எளிது. அப்படித்தான் கீவ் ஆய்வகத்தின் நாயகனாக நத்தை ஆனது.

1975இல் என்ன நடந்தது? ஏன் அந்த ஆண்டைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்?

அந்த ஆண்டில்தான் கொஸ்டியூக், ஒலெக் கிரிஷ்டல், வோலோடிமிர் பிடோப்ளிச்கோ மூவரும் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உயிருள்ள ஒரு நரம்பணுவின் உட்புறத்தைத் தங்கள் விருப்பப்படி மாற்றியிருந்தார்கள்.

முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதன் அழகே செய்முறையில்தான் இருக்கிறது. நத்தையின் ஒரு நரம்பணுவைத் தனியாகப் பிரித்து எடுக்கிறார்கள். மிக நுண்ணிய துளை ஒன்று உள்ள குழாய்மீது அதை வைத்து, மெதுவாக உறிஞ்சுகிறார்கள். அணுவின் சவ்வு துளையின் விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது. துளைக்கு நேரே இருக்கும் சவ்வுத் துண்டு மட்டும் கிழிகிறது, மீதி அப்படியே இருக்கிறது. இப்போது குழாயில் உள்ள கரைசலும் அணுவின் உட்புறமும் ஒன்றோடு ஒன்று கலக்கின்றன. இளநீரின் கண்ணைத் திறந்து, உள்ளே இருப்பதை வெளியே விட்டு, நமக்கு வேண்டியதை நிரப்பிய மாதிரி. ஓடு மட்டும் சேதமில்லாமல் இருக்க வேண்டும். அதே துளை வழியாகவே சவ்வின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தையும் அளக்கிறார்கள்.

சரி, இதனால் என்ன லாபம்? நரம்பணு தூண்டப்படும்போது சோடியம், கால்சியம், பொட்டாசியம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஓடுகின்றன. வெளியிலிருந்து அளந்தால் மூன்றின் கூட்டுத்தொகைதான் கிடைக்கும். இதில் கால்சியத்தின் பங்கு சிறியது. வெளியே போகும் பெரிய பொட்டாசிய ஓட்டம் அதை மூடி மறைத்துவிடும். கீவ் குழு உள்ளே இருந்த பொட்டாசியத்தை எடுத்துவிட்டு, சவ்வைக் கடக்க முடியாத டிரிஸ் என்ற பெரிய அயனியை வைத்தது. வெளியே போகும் ஓட்டம் நின்றது, உள்ளே வரும் ஓட்டம் தெளிவாகத் தெரிந்தது. பிறகு உள்ளே ஃபுளோரைடைச் சேர்த்தபோது கால்சிய ஓட்டம் மறைந்து சோடியம் மட்டும் மிஞ்சியது. வெளிக் கரைசலில் சோடியத்தை நீக்கினால் கால்சியம் மட்டும் மிஞ்சும். ஒவ்வொன்றாகப் பிரித்தாயிற்று.

கால்சியம் சவ்வைக் கடந்து மின்னோட்டமாக ஓடும் என்பது அதற்கு முன்பே தெரியும். லண்டனில் ஃபாட்டும் காட்ஸும் 1953இல் நண்டு இனத் தசையில் அதற்கான தடயத்தைக் கண்டிருந்தார்கள். ஆனால் நரம்பணுவின் உடலில் அந்த ஓட்டத்தை மற்ற எல்லாவற்றிலிருந்தும் சுத்தமாகப் பிரித்து, அதன் குணங்களை அளவோடு எழுதியது கீவ் குழு. விரிவான கட்டுரைகள் 1977இல் பிரிட்டனின் உடலியல் இதழில் வந்தன.

கால்சியத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

நரம்பணுவுக்குள் தனித்து மிதக்கும் கால்சியம் மிக மிகக் குறைவு. வெளியே இருப்பது அதைப்போல சுமார் 10,000 மடங்கு. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றவே அணு தொடர்ந்து சக்தி செலவழிக்கிறது. அதனால் சவ்வில் உள்ள ஒரு கால்சியம் சேனல், அதாவது கால்சியம் நுழையும் வழி, ஒரு நொடியின் சிறு பகுதி திறந்தால்கூட உள்ளே உள்ள அளவு பல மடங்கு ஏறும். அந்த ஏற்றத்தைத்தான் அணு உத்தரவாக எடுத்துக்கொள்கிறது. அடுத்த அணுவுக்கு வேதிச் செய்தி அனுப்புவது, தசை சுருங்குவது, சில மரபணுக்கள் வேலை செய்ய ஆரம்பிப்பது எல்லாம் இதைப் பார்த்துத்தான் நடக்கின்றன. அளவு மீறினால் அதே கால்சியம் அணுவைக் கொன்றுவிடும். பக்கவாதத்தில் மூளை அணுக்கள் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோடியம் துடிப்பை எடுத்துச் செல்கிறது, அவ்வளவுதான். அந்தத் துடிப்பால் அணு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது கால்சியம். கொஸ்டியூக் தன் பிற்பாதி வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு அயனிக்குக் கொடுத்ததில் வியப்பே இல்லை. 1992இல் நரம்பணுவில் கால்சியத்தின் வேலையைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூலை ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது.

அந்த ஆய்வகத்தின் மற்ற கண்டுபிடிப்புகள் எவை?

பல உண்டு. நான் முக்கியம் என்று நினைப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

அணுவின் உட்புறத்தைக் கழுவிவிட்டால் கால்சிய ஓட்டம் மெல்ல மெல்ல மங்கியது, சோடிய ஓட்டம் அப்படி மங்கவில்லை. ஏன்? உள்ளே இருந்த ஏதோ ஒரு பொருள் போய்விட்டது என்று ஊகித்து, சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறைத் திரும்ப உள்ளே விட்டார்கள். ஓட்டம் மீண்டு வந்தது. 1980களின் தொடக்கத்தில் வந்த இந்த முடிவு சொன்னது இதுதான்: கால்சியம் சேனல் தானாக இயங்கும் வெறும் துளை கிடையாது, அணுவின் வளர்சிதை மாற்றம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே கை வைக்க முடிந்ததால்தான் இது வெளிவந்தது.

அடுத்தது, கால்சியம் சேனல் கால்சியத்தை எப்படி அடையாளம் காண்கிறது என்பது. வெளிக் கரைசலில் கால்சியத்தைக் கிட்டத்தட்ட முழுதாக அகற்றிவிட்டால், அதே சேனல் சோடியத்தை எளிதாக உள்ளே விடுகிறது. கால்சியம் ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு மற்றவற்றைத் தடுக்கிறது என்று இதற்குப் பொருள். சேனலில் இரண்டு வடிகட்டிகள் இருக்க வேண்டும் என்று கொஸ்டியூக், மிரோனோவ், ஷூபா 1983இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தசையிலும் இதயத்திலும் இதே திசையில் முடிவுகளை வெளியிட்டன.

அப்புறம், ஒரே அணுவில் இரண்டு வகைக் கால்சியம் சேனல்கள் இருப்பது. பிறந்த எலிக்குட்டியின் உணர்வு நரம்பணுக்களில் ஃபெடுலோவா, கொஸ்டியூக், வெசெலோவ்ஸ்கி மூவரும் இதைக் காட்டினார்கள். ஒரு வகை சிறிய தூண்டுதலுக்கே திறந்து சீக்கிரம் மூடிக்கொள்ளும், இன்னொன்றுக்குப் பலமான தூண்டுதல் வேண்டும். விரிவான கட்டுரை 1985இல் வந்தது. 1984–85 காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேறு குழுக்களும் தனித்தனியாக இதே முடிவுக்கு வந்தன. முதல் வகைக்கு இன்று டி வகை என்று பெயர்.

கிரிஷ்டலும் பிடோப்ளிச்கோவும் 1980இல் அமிலத்தை உணரும் ஏற்பியை, அதாவது ஒரு பொருளை உணர்ந்து அணுவுக்குச் செய்தி தரும் புரதத்தை, நரம்பணுச் சவ்வில் கண்டார்கள். பலர் இதைக் கருவிக் கோளாறு என்று நினைக்கக்கூடிய அளவுக்கு எதிர்பாராத முடிவு. 17 ஆண்டுகள் கழித்து 1997இல் பிரான்சில் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. 1983இல் கிரிஷ்டல், மார்ச்சென்கோ, பிடோப்ளிச்கோ, உணர்வு நரம்பணுவில் ஏடிபிக்கு ஓர் ஏற்பி இருப்பதைக் காட்டினார்கள். உடலின் சக்தி நாணயம் என்று பள்ளியில் படிக்கும் அதே ஏடிபி, வலிச் செய்தியையும் தரக்கூடும் என்று இதனால் தெரிய வந்தது.

இவ்வளவு செய்தவருக்கு நோபல் ஏன் கிடைக்கவில்லை?

பரிசுக் குழுவின் மனதுக்குள் நாம் போக முடியாது. ஆனால் காலவரிசையைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கீவ் கட்டுரை வந்தது 1975இல். 1976இல் ஜெர்மனியில் நேயரும் சக்மனும் பேட்ச் கிளாம்ப் முறையை அறிவித்தார்கள். அதில் ஒரே ஒரு சேனல் திறந்து மூடுவதையே நேரில் பார்க்க முடிந்தது. 1981இல் அவர்கள் அதை மேம்படுத்தினார்கள். கண்ணாடிக் குழாய் சவ்வோடு மிக இறுக்கமாக ஒட்டியது, சிறிய பாலூட்டி அணுக்களிலும் வேலை செய்தது, முழு அணுவின் உட்புறத்தையும் கரைசலால் மாற்ற முடிந்தது. கருவியும் எளிது. உலகம் முழுக்க ஆய்வகங்கள் அதற்கு மாறிவிட்டன. 1991இல் நேயருக்கும் சக்மனுக்கும் நோபல் கிடைத்தது.

அந்தப் பரிசு முழுக்க நியாயமானது. ஒற்றைச் சேனலைப் பார்ப்பது கீவ் முறையால் முடியாத காரியம். ஆனால் அணுவின் உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் ஆய்வாளர் கட்டுப்பாட்டில் வைத்து மின்னோட்டத்தைப் பிரிக்கலாம் என்ற எண்ணம் கீவில் ஏற்கெனவே செயலில் இருந்தது. பேட்ச் கிளாம்ப் வரலாற்றை எழுதுகிறவர்கள் கணவாய் இழையிலிருந்து நேராக 1976க்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் நத்தையை விட்டுவிடுவது சரியில்லை.

அந்த முறையை உண்மையில் கண்டுபிடித்தது கொஸ்டியூக்கா, கிரிஷ்டலா?

நல்ல கேள்வி, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட. கருவியை உருவாக்கி முதலில் இயக்கிக் காட்டியவர்கள் கிரிஷ்டலும் பிடோப்ளிச்கோவும். அதைப் பற்றி இருவர் பெயரில் மட்டும் 1975இல் ஒரு கட்டுரை, கொஸ்டியூக் ஆசிரியராக இருந்த இதழிலேயே வந்தது. கிரிஷ்டல் இயற்பியல் படித்தவர், அப்போது அவருக்கு வயது 30. ஆய்வகம், கேள்வி, கால்சியத்தின் பக்கம் திருப்பிய திசை இவை கொஸ்டியூக்குடையவை.

இயக்குநரின் பெயர் மட்டும் மேலே மிதந்து, இளையவர்களின் பெயர் கீழே போய்விடுவது சோவியத் அமைப்பில் சகஜம். இங்கே அப்படி நடக்கவில்லை. அமிலம், ஏடிபி கட்டுரைகளில் கொஸ்டியூக்கின் பெயரே கிடையாது. தன் நிறுவனத்தில் நடந்த பெரிய கண்டுபிடிப்பில் தன் பெயரைச் சேர்க்காத இயக்குநர் என்பது அவரைப் பற்றி நிறையச் சொல்கிறது.

மருத்துவம் படித்தவர் இயற்பியலாளர்களை ஏன் சேர்த்துக்கொண்டார்?

மின்சுற்று வடிவமைக்க, இரைச்சலிலிருந்து சிறிய மின்னோட்டத்தைப் பிரிக்க, கணக்கு மாதிரி எழுத அவர்கள் தேவைப்பட்டார்கள். மேற்கத்திய ஆய்வகம் கடையில் வாங்கிக்கொள்ளும் பெருக்கியைக் கீவில் கையால் செய்ய வேண்டியிருந்தது. மாஸ்கோவின் புகழ்பெற்ற இயற்பியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் கிளை ஒன்று கீவில் இயங்கியது. அங்கே சவ்வு உயிர் இயற்பியல் கற்பிக்க அவர் ஏற்பாடு செய்ததால், இயற்பியலும் உயிரியலும் சேர்ந்து படித்த மாணவர்கள் நேராக ஆய்வகத்துக்கு வந்தார்கள். 1969இல் தொடங்கிய ‘நெய்ரோஃபிசியோலோஹியா’ இதழுக்கும் அவரே ஆசிரியர். அது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வெளியே போனது. பயணம் கிடைக்காத ஆய்வாளர்களுக்கு உலகத்தோடு பேச அது ஒரு வழி.

அரசியலிலும் இருந்தாராமே?

1985 முதல் 1990 வரை உக்ரைன் சோவியத் குடியரசின் உச்ச மன்றத்துக்குத் தலைவராக இருந்தார். பதவியின் பெயர் பெரிது, அதிகாரம் பெரிதல்ல. மன்றம் ஆண்டில் சில நாள்களே கூடும், முடிவுகள் கட்சியில் எடுக்கப்பட்டு வரும். அன்றாட அரசுத் தலைமைப் பொறுப்பு மன்றத்தின் தலைமைக் குழுவுக்கு, அதன் தலைவி வலென்டினா ஷெவ்சென்கோவுக்கு.

ஆனாலும் அந்த ஐந்து ஆண்டுகள் சாதாரணமானவை அல்ல. 1986 ஏப்ரலில் கீவிலிருந்து 100 கிலோமீட்டர் தூரத்தில் செர்னோபில் அணுஉலை வெடித்தது. 1989 அக்டோபரில், அவர் தலைவராக இருந்த மன்றம்தான் உக்ரைனிய மொழியை அரச மொழியாக அறிவிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கட்சியோடு ஒத்துப்போன விஞ்ஞானி என்ற விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது. அந்த நாட்டில் 1966இல் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைமைக்கு வருவதற்கு வேறு வழி இருக்கவில்லை என்பதும் உண்மை. அந்தச் செல்வாக்கை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்று பார்த்தால், நிறுவனத்துக்கும் மாணவர்களுக்கும் என்பதுதான் என் கணிப்பு.

சோவியத் நாடு உடைந்த பிறகு என்ன செய்தார்?

அங்கேயே இருந்தார். 1990களில் உக்ரைனில் பணவீக்கம் தலைவிரித்தாடியது, 1993இல் விலைவாசி ஒரே ஆண்டில் நூறு மடங்குக்கு மேல் ஏறியது. ஆய்வாளரின் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது. ஜார்ஜ் சோரஸின் அறக்கட்டளை முன்னாள் சோவியத் விஞ்ஞானிகளுக்கு ஆளுக்கு 500 டாலர் அவசர உதவி கொடுத்தது. அந்தத் தொகையே ஒரு விஞ்ஞானியை நீண்ட நாள் தாங்கியது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

பலர் வெளியேறினார்கள். பிடோப்ளிச்கோ அமெரிக்கா போனார். நிகோடின் மூளையின் டோபமின் அணுக்களை எப்படித் தூண்டுகிறது என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் வந்த புகழ்பெற்ற கட்டுரையின் முதல் ஆசிரியர் அவரே. அலெக்சி வெர்க்ராட்ஸ்கி மான்செஸ்டரில் பேராசிரியரானார். 1995இல் கொஸ்டியூக்கும் அவரும் சேர்ந்து நரம்பு மண்டலத்தின் கால்சியச் செய்திகளைப் பற்றி நூல் எழுதினார்கள்.

கொஸ்டியூக் அப்போது எழுபதைத் தாண்டியவர். 1993 முதல் 1998 வரை உக்ரைன் அறிவியல் அகாதமியின் துணைத் தலைவர். ஆய்வும் நிற்கவில்லை. நீரிழிவு கொடுக்கப்பட்ட எலிகளின் வலி நரம்பணுக்களை நானா வொய்டென்கோ உள்ளிட்டவர்களோடு சேர்ந்து பார்த்தார். உள்ளே ஏறிய கால்சியம் இயல்பு நிலைக்கு இறங்க அதிக நேரம் எடுத்தது. அணுவுக்குள் இருக்கும் சேமிப்பு அறைகளும் சரியாக வேலை செய்யவில்லை. சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கும் வலிக்கும் பின்னால் இருக்கும் காரணங்களில் இது ஒன்று.

இதனால் நோயாளிகளுக்கு நேரடியாக ஏதாவது பயன் வந்ததா?

அவர் மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரத்த அழுத்தத்துக்கு நம்மில் பலர் விழுங்கும் அம்லோடிபின் ஒரு கால்சியம் சேனல் தடுப்பான். ஆனால் அந்த வகை மருந்துகள் 1960களில் ஜெர்மனியில் நடந்த இதய ஆராய்ச்சியிலிருந்து வந்தவை. அதைக் கீவ் கணக்கில் சேர்ப்பது தவறு.

வலி விஷயத்தில் தொடர்பு நெருக்கமானது. டி வகைச் சேனல்களும் அமில ஏற்பிகளும் வலி மருந்துக்கான இலக்குகளாக இன்றும் ஆராயப்படுகின்றன. ஏடிபி ஏற்பியின் ஒரு வகையைத் தடுக்கும் கெஃபாபிக்சன்ட் என்ற மருந்தை நாள்பட்ட இருமலுக்காக 2022இல் ஜப்பான் அனுமதித்தது. உணர்வு நரம்பணுவில் ஏடிபியைத் தெளித்துப் பார்த்த 1983க்கும் அந்த மாத்திரைக்கும் இடையே 39 ஆண்டுகள்.

அவரை ரஷ்ய விஞ்ஞானி என்று சில இடங்களில் எழுதுகிறார்களே?

தவறு. கீவில் பிறந்து, கீவில் படித்து, கீவில் ஆய்வு செய்து, கீவில் இறந்தவர். சோவியத் அகாதமியில் 1974 முதல் உறுப்பினர், அதன் உடலியல் பிரிவுக்கும் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தார் என்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. கட்டுரைகள் ரஷ்ய மொழியில் வந்ததும் ஒரு காரணம். சோவியத் காலத்து வேலையைச் சோவியத் அறிவியல் என்று சொல்லலாம், ரஷ்ய அறிவியல் என்று சொல்லக் கூடாது.

விருதுகள்?

ஜெர்மனியின் லியோபோல்டினா உள்ளிட்ட பல வெளிநாட்டு அகாதமிகளில் உறுப்பினர். சோவியத் அரசு 1984இல் சோஷலிச உழைப்பின் வீரர் பட்டமும், சுதந்திர உக்ரைன் 2007இல் உக்ரைன் வீரர் பட்டமும் கொடுத்தன. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு அரசுகளும் தங்கள் உயர்ந்த பட்டத்தை ஒரே ஆய்வாளருக்குக் கொடுத்திருக்கின்றன.

அவருக்குப் பிறகு நிறுவனம் என்ன ஆனது?

அவர் இறந்ததும் இயக்குநர் பொறுப்புக்கு வந்தவர் கிரிஷ்டல். 30 வயதில் நத்தை அணுவைத் துளைமேல் உட்கார வைத்த அதே கிரிஷ்டல்தான். அமில ஏற்பிகள், வலி, கால்சியம் ஆகியவற்றைப் பற்றிய வேலை தொடர்ந்தது. ஆனால் இப்போது அங்கே நத்தையைவிட எலியின் நரம்பணுக்களும் பேட்ச் கிளாம்ப் கருவிகளும்தான் அதிகம்.